நான் வைக்காத நேர்த்தி

விண்டர் காலத்தில் ரொறன்ரோவின் ஸ்காபரோ பக்கம் வீதியோரமாக ஒரு தமிழ்ப் பெண் ஓடிக்கொண்டிருந்தால், எங்கள் சனத்திடம் அதற்கு இரண்டே விளக்கங்கள்தான் உண்டு. ஒன்று, கார் பிழைத்து நடுவழியில் நின்றுவிட்டது. மற்றது, வீட்டில் சண்டை. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். காரை ஓரமாக நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, "ஏறும் பிள்ளை" என்று சொல்வது. நான் முதன்முதலாக ஐம்பது கிலோமீற்றர் ஓடுவதென்று முடிவெடுத்துப் பயிற்சி தொடங்கிய அந்த விண்டரில், பனியையும் காற்றையும்விட என்னை அதிகம் மறித்தது இந்த இரக்கம்தான்.

ஒருமுறை லோறன்ஸ் வீதியில் ஒரு அங்கிள் பஸ் நிற்கும் இடத்தை அடைத்துக்கொண்டு தன் வான் வண்டியை நிறுத்திவிட்டார். பின்னால் பஸ் ஹோர்ன் அடிக்கிறது.

"அங்கிள், நான் சும்மா ஓடுறன். எக்ஸசைஸ்."

"இந்தக் குளிருக்க என்ன எக்ஸசைஸ்? கூச்சப்படாமல் ஏறும். எனக்கும் உம்மட வயசில ஒரு மகள் இருக்கிறா."

பஸ் சாரதி கண்ணாடிக்குள் இருந்து இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். வேறு வழியில்லாமல் ஏறினேன். அங்கிள் என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, நான் கதவைத் திறந்து உள்ளே போகும்வரை நின்று பார்த்தார். நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று, வான் திரும்பிப் போனதும் வெளியே வந்து, ஏறிய இடத்துக்கே ஓடிப்போய் அங்கிருந்து தொடர்ந்தேன். அன்றைக்கு வந்த கோபத்தில் எனக்குக் குளிரே தெரியவில்லை.

என் வேலை ஓரிடத்தில் இருப்பது. பள்ளிக்கூட பஸ் கம்பனி ஒன்றில் டிஸ்பச்சர். விடிவதற்கு முன்பே கதிரையில் ஏறினால், எந்த பஸ் எங்கே சறுக்கி நிற்கிறது, எந்தச் சாரதி வரவில்லை, எந்தப் பிள்ளை எந்த மூலையில் காத்துக்கொண்டு நிற்கிறது என்று ஹெட்செட்டுக்குள் கதைத்துக்கொண்டே இருக்கவேண்டும். நகரத்தின் பாதி என் சொல்லில் ஓடும். நான் மட்டும் அசையமாட்டேன். மேசைக்குக் கீழே என் கால் ஆடிக்கொண்டே இருக்கும். தன் கோப்பி தளம்புகிறது என்று பக்கத்து மேசைக்காரி முறைப்பாடு செய்யுமளவுக்கு ஆடும். "காலில கார்ச் சில்லுப் பூட்டிக்கொண்டு பிறந்தனி" என்பார் அம்மா. அப்பா காலமான பிறகு அம்மா எங்களோடுதான், ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில், என் வீட்டில் இருக்கிறார்.

அந்தக் காலுக்காகத்தான் நாற்பது வயதில் ஓடத் தொடங்கினேன். முதலில் எங்கள் தெருவைச் சுற்றி. பிறகு பூங்காவரை. பிறகு ஒரு மரதன். அதற்குப் பிறகும் கால் ஆடியது. மரதனைவிடக் கூடிய தூரம் ஓடுவதை அல்ட்ரா என்கிறார்கள். மே மாதம் காட்டுப் பூங்கா ஒன்றைச் சுற்றிச் சுற்றி ஓடும் ஒரு போட்டிக்கு என் பெயரைப் பதிந்தேன். ஏன் என்று கேட்டால் நேரான பதில் என்னிடம் இல்லை. ஓடாமல் இருந்தால் எதையாவது போட்டு உடைத்துவிடுவேன் போலிருந்தது.

மே மாதம் ஓடவேண்டுமென்றால் ஜனவரியில் ஓடவேண்டும். ரொறன்ரோவில் அது பெரிய கரைச்சல். நான் நீண்ட தூரம் ஓடலாம் என்று குறித்து வைக்கும் நாளைப் பார்த்துத்தான் பனி கொட்டும். பனி கொட்டினால் பஸ் ஓடாது. பஸ் ஓடாவிட்டால் நகரத்திலுள்ள அத்தனை தாய்தகப்பனும் எனக்குத்தான் ரெலிபோன் எடுப்பார்கள். வேலை முடிந்து வந்தால் நடைபாதை தெரியாது. வீதியைத் துப்புரவாக்கும் வண்டி அள்ளிய பனியெல்லாம் நடைபாதையில் மதில் கட்டி நிற்கும். தண்ணீர்ப் போத்தலின் வாய் உறைந்துபோகும். ஜிம்மில் இயந்திரத்தின்மேல் ஓடிப் பார்த்தேன். கதிரையில் இருந்து அசையாமல் இருப்பது போதாதென்று ஓடிக்கொண்டும் அசையாமல் இருப்பதா? இரண்டாம் நாளே விட்டுவிட்டேன்.

ஜனவரி நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மார்க்கம் வீதியும் எல்ஸ்மியர் வீதியும் சந்திக்கும் சிக்னலில் நின்றபோது ஒரு அன்ரி கண்ணாடியை இறக்கினார். கோயிலில் அம்மாவோடு கதைக்கும் அன்ரி. கார் பிழைத்துவிட்டதா என்று கேட்டார். இல்லையென்று தலையாட்டினேன். வீட்டில் ஏதும் பிரச்சினையா என்றார். அதற்கும் இல்லையென்று தலையாட்டினேன். அன்ரி ஒருகணம் யோசித்தார். பிறகு முகம் இளகி, குரல் தணிந்து, "ஏதும் நேர்த்தியோ பிள்ளை?" என்றார்.

என் தாடை விறைத்துப்போய் இருந்தது. சிக்னல் மாறிவிட்டது. அன்ரிக்குப் பின்னால் நின்ற கார்கள் பொறுமை இழந்துகொண்டிருந்தன. ஆளை விட்டால் போதும் என்று மேலும் கீழுமாக ஒரு ஆட்டு ஆட்டினேன். அன்ரி ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

கடவுளிடம் ஒன்றைக் கேட்டு, அதற்காக உடம்பை வருத்துவதாக ஒப்புக்கொள்வதுதான் நேர்த்தி. எங்கள் சனம் அதற்காகக் காவடி எடுக்கும், கோயில் வீதியில் உருளும், நாட்கணக்கில் நடக்கும். அன்றோடு பனியில் ஓடுவதும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது.

நான் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. அம்மா சாமி அறையில் விளக்கேற்றி வைத்துவிட்டு எனக்காகக் காத்திருந்தார். கண் கலங்கியிருந்தது.

"எனக்கும் சொல்லாமல் தம்பிக்காக வைச்சிருக்கிறாய், என்ன?"

தம்பியைப் பற்றிச் சொல்லவேண்டும். என் தம்பி நகரத்துக்கு மேற்கே பிறம்ரனில் இருக்கிறான், ட்ரக் ஓடுகிறான். மூன்று வருடத்துக்கு முன் ஒரு பஞ்சாபிப் பெண்ணைக் கலியாணம் செய்தான். அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓம் என்றும் சொல்லவில்லை. கலியாணத்தன்று காலை, சேலையெல்லாம் எடுத்துவைத்த பிறகு, முழங்கால் வலி, மண்டபத்துப் படி ஏற ஏலாது என்று கட்டிலில் இருந்துவிட்டார். நானும் கணவரும் மட்டும் போனோம். தலைப்பாகையோடு வாசலில் நின்ற தம்பி, எங்கள் காரிலிருந்து இன்னும் யாராவது இறங்குகிறார்களா என்று பார்த்துக்கொண்டே நின்றான். அதன்பிறகு அவன் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. "அவன்தானே வரவேணும், பெத்தவள் போறதோ?" என்பார் அம்மா. "அம்மாவுக்கு முழங்கால் மாறிச் சுகமானதும் வரச்சொல்லு" என்பான் தம்பி. இரண்டு பேருக்கும் நடுவில் நான் தூது போய்க் களைத்துவிட்டேன்.

"அம்மா, அது வந்து..." என்று தொடங்கினேன்.

அம்மா கையைக் காட்டி மறித்தார். "சொல்லாதை. நேர்த்தியை வாயால சொன்னா பலிக்காது."

அன்ரி ஊர் முழுக்கச் சொன்னது கணக்கில் இல்லையாம். நான் சொன்னால்தான் பலிக்காதாம். அதன்பிறகு எத்தனை தரம் வாயைத் திறந்தாலும் அதே கை, அதே "சொல்லாதை". இப்படித்தான் நான் வைக்காத நேர்த்தி என் தலையில் ஏறியது.

அன்றிரவு எனக்குத் தாங்கமுடியாத ஆத்திரம். சின்ன வயதிலிருந்தே இந்த வீட்டில் எல்லாம் தம்பிக்குத்தான். மீன்பொரியலில் நடுத்துண்டு அவனுக்கு, ஜன்னலோர இருக்கை அவனுக்கு, அம்மாவின் கண்ணீர் அவனுக்கு. எனக்கென்று நானே தேடிக்கொண்ட ஒரேயொரு காரியம் இந்த ஓட்டம். அதையும் பிறம்ரனில் இருந்துகொண்டே எடுத்துவிட்டானே என்று இருந்தது. கணவரிடம் சொன்னேன். அவர் போர்வையை இழுத்துக்கொண்டு, "அப்ப ஓடாமல் விடு" என்றார். விட்டால் அம்மாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது? மூன்று வருடமாகத் தம்பியின் பேச்சை எடுத்தாலே எழும்பிப்போன மனுசி, இப்போது மகன் வருவான் என்று அடுப்படியில் பாட்டை முணுமுணுக்கிறார். நான் ஓட்டத்தை நிறுத்தினால் அந்த முணுமுணுப்பும் நிற்கும்.

நேர்த்தி என்றால் அதற்கு விரதமும் வேண்டும். வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் எல்லாம் நிறுத்தப்பட்டது. முட்டைகூட இல்லை. சனிக்கிழமைகளில் நண்டுக்கறிக்காகவே உயிர்வாழ்கிற என் கணவர், கத்தரிக்காயை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடிவிட்டு வந்து பசியில் கிடந்து துடிக்கும் எனக்கு அம்மா பயறும் கௌபியும் அவித்து அவித்துத் தந்தார். ஒன்று மட்டும் நல்லதாக நடந்தது. யாரும் என்னைக் காரில் ஏற்றவில்லை. என்னைக் கண்டால் மெதுவாக்கி, கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அந்த நிம்மதிக்காக நானும் கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டேன் என்றுதான் சொல்லவேண்டும்.

பெப்ரவரிக் கடைசியில் இரண்டு நாள் வெயில் அடித்துப் பனி உருகி, மூன்றாம் நாள் திரும்ப உறைந்தது. பிளாக் ஐஸ் என்பார்களே, அது. கண்ணுக்குத் தெரியாது. எல்ஸ்மியர் வீதியில் ஒரு பஸ் தரிப்பிடத்துக்கு முன்னால் எனது வலது கால் ஒரு பக்கமும் நான் மறுபக்கமுமாகப் போனோம். கணுக்காலுக்குள் ஏதோ துணி கிழிந்தது போல ஒரு சத்தம். எழும்பப் பார்த்தேன், முடியவில்லை. முழங்காலில் நின்று, இரண்டு கையையும் நிலத்தில் ஊன்றிக்கொண்டு மூச்சை இழுத்துக்கொண்டிருந்தபோது ஒரு வான் மெதுவாக்கியது. உள்ளே எங்கள் சனம். அப்பாடா என்று கையைத் தூக்கினேன். முன்னிருக்கையில் இருந்த யாரோ ஒரு வயதான பெண் பயபக்தியோடு இரண்டு கையையும் கூப்பினார். வான் போய்விட்டது.

வாழ்க்கையில் ஒரேயொரு நாள் எனக்குக் கார் தேவைப்பட்டது. அன்றைக்கு நான் வீதியில் விழுந்து கும்பிடுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். வலியோடு வலியாகச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கணவர் வந்து தூக்கும்வரை அந்த ஐஸிலேயே இருந்தேன்.

தசைநார் கிழிந்திருக்கிறது, மே மாதப் போட்டியை மறந்துவிடுங்கள் என்றார் பிசியோ. நல்ல பெண், சிரித்த முகத்தோடுதான் சொன்னார். காரில் ஏறியதும் முன்பக்கத் தட்டில் ஓங்கிக் குத்தினேன். குத்திய கையும் நொந்தது.

வீட்டில் அம்மா என் காலைத் தன் மடியில் வைத்துத் தைலம் பூசினார். "நேர்த்தியைப் பாதியில விடக்கூடாது" என்றார்.

"அம்மா, கால் கிழிஞ்சு கிடக்கு."

"உன்னை ஆர் ஓடச் சொன்னது? ஏலாட்டி ரத்த உரித்துக்காரர் ஆரும் ஏற்கலாம். நான் நடக்கிறன்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் காலை கணவர் வேலைக்குப் போகும்போது அம்மாவும் கூடவே இறங்கினார். எங்களுக்குக் கிட்ட இருக்கும் மோலில், கடைகள் திறக்க முன்னம் வயதானவர்கள் சுற்றிச் சுற்றி நடப்பார்கள். வெளியில் நடக்க முடியாத சனத்துக்கு அதுதான் வீதி. அங்கே போய், சேலைக்கு மேலே ஜக்கெற்றும், காலில் என் பழைய ஓட்டச் சப்பாத்துமாக அம்மா நடக்கத் தொடங்கினார். ஒரு நாள் இல்லை, ஒவ்வொரு நாளும். ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த என் பயிற்சி அட்டவணையைக் கணவரிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டு, அன்றைக்கு எனக்கு விதித்த தூரத்தில் ஏலுமான அளவைத் தான் நடந்தார்.

எனக்கு அந்த மாதம் நரகம். வேலையில் கதிரை, வீட்டில் கதிரை. கால் ஆடவும் மாட்டாது. ஒரு சனிக்கிழமை நானும் ஊன்றுகோலோடு மோலுக்குப் போய், சாப்பாட்டுக் கடைப் பக்கத்தில் ஒரு கதிரையில் இருந்தேன். அம்மா வருவார், என்னைக் கடப்பார், மூலையில் மறைவார், திரும்ப வருவார். கை வீசிக்கொண்டு, சிவந்த முகத்தோடு, தெரிந்த ஆட்களுக்குத் தலையசைத்துக்கொண்டு. மூச்சு வாங்கவில்லை. நொண்டவில்லை. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. எரிச்சல்தான் வென்றது. அடுத்த முறை கிட்ட வந்தபோது வாயை விட்டுவிட்டேன்.

"கலியாண மண்டபத்துக்கு நாலு படி ஏறமாட்டாத முழங்கால், இப்ப மோலை எத்தினைதரம் சுத்துது அம்மா?"

அம்மா நின்றார். என் முன்னால் இருந்த கதிரையில் இருந்தார். குனிந்து ஒரு சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்தார், திரும்பக் கட்டினார். பிறகு எழும்பிப்போய் விட்ட இடத்திலிருந்து நடந்தார்.

அதன்பிறகு ஒரு கிழமைக்கு மேல் எங்கள் இருவருக்கும் கதைபேச்சில்லை. நடையை மட்டும் அம்மா நிறுத்தவில்லை. ஏப்ரலில் ஒரு மாலை, நான் வாசற்படியில் நின்று குதிக்காலை ஏற்றி இறக்கிப் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது அம்மா பக்கத்தில் வந்து நின்றார்.

"நீ போகவிருந்த அந்த ஓட்டம் எங்க போய் முடியிறது?"

"தொடங்கின இடத்திலதான். பார்க்கைச் சுத்திச் சுத்தி ஓடி அங்கயே வாறது."

"அங்க கோயில் இருக்கோ?"

"இல்லை."

அம்மாவால் நம்பமுடியவில்லை. "அப்ப எங்க தேங்காய் உடைக்கிறது? ஒரு வாசலுக்குப் போய்ச் சேராமல், நிண்ட இடத்திலயே வந்து நிக்கிறதுக்கோ இவ்வளவு பாடு?"

நான் அந்தக் கேள்வியை எத்தனை இரவு எனக்குள் கேட்டிருப்பேன். அந்த நிமிடம் வரை நான் எதையும் நேர்ந்ததில்லை. எப்படி வந்ததென்று தெரியாது, வாய் சொல்லிவிட்டது.

"தம்பியின்ர வாசலில உடைப்பம்."

எங்கள் வீட்டிலிருந்து மார்க்கம் வீதியால் வடக்கே ஏறி, ஸ்டீல்ஸ் வீதியில் மேற்கே திரும்பினால் பிறம்ரன்வரை ஒரே நேர்கோடு. மரதனைவிடக் கொஞ்சம் கூட. காரில் ஒரு மணித்தியாலம்கூடப் பிடிக்காத அந்தத் தூரத்தைத்தான் மூன்று வருடமாக யாராலும் கடக்க முடியவில்லை.

அம்மா நிலத்தைப் பார்த்தார். "அதுக்கு நானும் வரவேணுமோ?"

"தேங்காயை ஆர் கொண்டு வாறது? நான் அதையும் காவிக்கொண்டு ஓடேலாது."

அம்மா உள்ளே போய்விட்டார். ஆனால் இம்முறை, நேர்த்தியை வெளியில் சொல்லாதே என்று என்னை மறிக்கவில்லை.

பள்ளிக்கூடம் இல்லாத கோடை முழுக்கக் காலைத் தேற்றினேன். ஓகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை வீட்டில் நிற்பாயா என்று தம்பிக்கு மெசேஜ் அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் படம் வந்தது. என்னத்துக்கு என்று அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அன்று வெளிச்சம் வந்ததும் புறப்பட்டேன். கணவரும் அம்மாவும் காரில், சிக்னலுக்குச் சிக்னல் எனக்குத் தண்ணீரும் உப்புப் போட்ட அவித்த உருளைக்கிழங்கும் தந்துகொண்டு வந்தார்கள். அம்மா முன்னிருக்கையில், மடியில் தேங்காயோடு. யங் வீதியைக் கடக்கும்வரை நான் நல்ல ஆள். அதற்கப்பால் வெயில் ஏறியது. பிறகு பண்டகசாலைகள், பிறகு ட்ரக்குகள், நிழலே இல்லை. மரதன் தூரம் முடிந்த இடம் ஒரு ரயர்க் கடைக்கு முன்னால். வலது கணுக்கால் பழையதை நினைவுபடுத்தத் தொடங்கியது. நடந்தேன். ஓடினேன். அழுதேன். காருக்குள் ஏறிவிடலாம் என்று கதவுப்பிடிவரை கை போனது. கண்ணாடிக்குள்ளே அம்மா தேங்காயை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார். அவருக்கு என்னைவிடப் பயம் என்று அப்போதுதான் கண்டேன். நான் ஏறினால் கணவர் காரைத் திருப்புவார். திருப்பினால் அம்மா இன்னொரு முறை இந்தப் பக்கம் வரமாட்டார். கையை எடுத்துவிட்டு ஓடினேன். அந்தக் கடைசித் தூரம் முழுக்க என் கால் எனக்காக ஓடவில்லை. அப்படி ஓடுவதும் எனக்கு வேண்டித்தான் இருந்தது.

தம்பியின் தெரு முனையில் திரும்பியபோது கணவர் காரை மெதுவாக்கி எனக்குப் பின்னால் விட்டார். வாசல் மணியை அடித்தேன். கதவைத் திறந்த தம்பி என்னை மேலும் கீழும் பார்த்தான். முகமெல்லாம் உப்புப் பூத்து, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன்.

"அக்கா! என்ன, கார் பிழைச்சுப் போச்சோ?"

மற்ற நேரமென்றால் எனக்குக் கெட்ட கோபம் வந்திருக்கும்.

"கார் நல்லாத்தான் இருக்கு. பின்னால வருது. அம்மா அதுக்க இருக்கிறா."

தம்பியின் முகம் போன போக்கை நான் பார்க்கவில்லை. படியில் இருந்துவிட்டேன், கால் மடங்கிவிட்டது. அவன் செருப்பில்லாமல் என்னைக் கடந்து போனது மட்டும் தெரிந்தது. அவனுடைய மனைவி தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து எனக்குப் பின்னால் நின்றாள்.

கார்க் கதவு திறந்தது. தம்பி கையை நீட்டினான். அம்மா அந்தக் கையைப் பிடிக்கவில்லை. தேங்காயை அதில் வைத்தார். பிறகு தானாகவே காலை ஊன்றி இறங்கி, வாசலில் இருந்த படிகளைப் பார்த்து, அங்கே நின்ற மருமகளைப் பார்த்துவிட்டு, அவனிடம் சொன்னார்.

"முழங்கால் மாறீட்டுது தம்பி."